தலை சுத்துதுன்னா இங்கிலீஷ்ல என்ன?

நடவு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, களை எடுக்குற நேரம். அதைப் பத்தித்தான் இந்த வாரம் எழுதறதா இருந்தேன். அதுக்குள்ள தம்பி மக லீவுக்கு வந்துட்டா, கையில ஒரு நோட்டோட.

நர்ஸிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. பன்னெண்டு வரைக்கும் நம்மூரு தமிழ் மீடியம்தான். வார்டுல நோயாளி தமிழ்ல சொல்றதைக் கேட்டு இங்கிலீஷ்ல எழுதணும். மேல இருக்கற ஒருத்தர் அதுல சிவப்பு மையில வட்டம் போட்டு, எல்லாரும் இருக்கும்போது சத்தமா வாசிச்சுக் காட்டுவாராம். சிரிப்பாங்களாம்.

"அது கூடப் பரவால்ல பெரியப்பா. தப்பாயிருமோன்னு பயந்து பாதி விஷயத்தை எழுதாமலே விட்டுடுறேன்"னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. நோயாளி சொன்னது நோட்டுக்கு வரலன்னா அப்புறம் எதுக்கு அந்த நோட்டு?

நானும் பிளஸ் டூ தமிழ் மீடியம்தான். பூச்சிமருந்து டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு படிக்கத்தான் முதல்ல இங்கிலீஷ் பக்கம் போனேன். அப்புறம் பழைய புத்தகக் கடையில ரென் அன்ட் மார்ட்டின் கிராமர் ஒண்ணு கிடைச்சுது. மழைநாள்ல அதுதான் துணை. உங்கள்ல பல பேருக்கு என்னைவிட நல்லாத் தெரியும். ஆனா தமிழ்லேர்ந்து இங்கிலீஷுக்குப் போற வழியில எங்கெங்க கால் இடறும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். "ஹெர் ஹெட் இஸ் ரொட்டேட்டிங்." இதுக்குத்தான் அன்னிக்குப் பெரிய சிரிப்பாம். அவ எழுதினதுல என்ன தப்பு? 'எனக்குத் தலை சுத்துது'ன்னு அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கா. தமிழ்ல சுத்தறது தலை, ஆளு 'எனக்கு'ன்னு ஓரமா நிக்கிறார். பள்ளிக்கூடத்துல படிச்சோமே, நான்காம் வேற்றுமை, அதுதான். இங்கிலீஷ்ல ஆளைத் தூக்கி எழுவாயா முன்னால வைக்கணும். "ஷி ஃபீல்ஸ் டிஸ்ஸி."

இந்த ஒண்ணைச் சொன்னதும் அவளே எடுக்க ஆரம்பிச்சா. எனக்குப் பசிக்குது, ஐ ஆம் ஹங்க்ரி. எனக்குக் குளிருது, ஐ ஃபீல் கோல்ட். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எல்லாத்துக்கும் 'ஐ' தான் முன்னால. கோரையை மேலாப்புல அறுத்துவிட்டா நாலு நாள்ல திரும்ப நிக்கும், கீழ கிழங்கு கிடக்குது. ஒவ்வொரு வாக்கியமா வட்டம் போடறது மேலாப்புல அறுக்கற வேலை.

அடுத்தது, "ஷி இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்." இதைப் படிச்சவங்களே தப்பாத்தான் எழுதறாங்க. 'சின்ஸ்' எப்ப, 'ஃபார்' எப்பன்னு விதியைச் சொல்லிக் குழப்பிடுவாங்க. நான் தமிழ்லயே கேட்டேன். "ஆத்தா, 'ரெண்டு நாளா காய்ச்சல்'னு சொல்வியா, 'ரெண்டு நாள்லேர்ந்து காய்ச்சல்'னு சொல்வியா?"

"ரெண்டு நாளாத்தான்."

"திங்கக்கிழமைக்கு?"

"திங்கக்கிழமைலேர்ந்து."

அவ்வளவுதான். 'நாளா'ன்னு வந்தா ஃபார், 'லேர்ந்து'ன்னு வந்தா சின்ஸ். வித்தியாசம் ஏற்கெனவே அவ வாயில இருக்கு, யாரும் காட்டிக் குடுக்கல. 'ஹேவிங்' வர்றது 'இருக்கு'ங்கிற நம்ம சொல்லால. இருந்துக்கிட்டே இருக்குன்னு 'இங்' ஒட்டிக்குது. காய்ச்சல், வலி, பிள்ளைகுட்டி, நிலபுலன் இதுக்கெல்லாம் வெறும் 'ஹேவ்', 'ஹேஸ்' போதும். இங்க ரெண்டு நாளா இன்னும் விடலங்கறதால "ஷி ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்." இந்த 'ஹேஸ் ஹேட்' பழக நாளாகும், அவசரமில்லைன்னு சொல்லிட்டேன்.

ஆனா ஒரு வரியில நான் நின்னுட்டேன். "டேப்லெட் ஓவர்." மாத்திரை குடுத்து முடிச்சாச்சுன்னு அவ நெனச்சு எழுதினது. படிக்கிறவங்களுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம் ஆகும். ராத்திரி டியூட்டிக்கு வர்ற பொண்ணு, ஐயோ குடுக்கலையேன்னு வேற வாங்கியாந்து இன்னொரு தடவை குடுத்துட்டா? சிரிக்கிற தப்பு இல்ல இது. "டேப்லெட் கிவன் அட் எய்ட் பி.எம்."னு மணியோட எழுதச் சொன்னேன், பத்துத் தடவை எழுதவும் வெச்சேன்.

வேடிக்கை என்னன்னா, அதே பக்கத்துல விட்டுப்போன 'த'வுக்கும் 'ஏ'வுக்கும் பதினோரு வட்டம். தமிழ்ல அந்த மாதிரி சொல்லே கிடையாது, பிள்ளைக்கு எப்படி வரும்? படிக்கப் படிக்கத்தான் வரும். அதுக்கும் ஒரே அளவு வட்டம், 'டேப்லெட் ஓவர்'க்கும் ஒரே அளவு வட்டம். எது உயிர்மேல போற தப்பு, எது அழகுக் குறைச்சல்னு பிள்ளை எப்படித் தெரிஞ்சுக்கும்? நான் அந்தப் பதினொண்ணையும் தொடவே இல்ல.

கடைசி ரெண்டு நாள் வலிக்கு வார்த்தை தேடுனோம். எரியுதுன்னா பர்னிங். குத்துதுன்னா ஸ்டாபிங். விண்ணு விண்ணுன்னு தெறிச்சா த்ராபிங். நெஞ்செரிச்சலுக்கு ஹார்ட்பர்ன்னு பேரு, ஆனா அது வயித்துச் சமாச்சாரம், ஹார்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. 'நெஞ்சு வலிக்குது'ன்னு யாராவது சொன்னா மட்டும் இங்கிலீஷ் தேடிக்கிட்டு நிக்காதே, ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுன்னேன். "அது எனக்குத் தெரியாதா பெரியப்பா"ன்னா.

நேத்து பஸ் ஏத்திவிட்டு வந்தேன். ராத்திரி ஒம்பது மணிக்கு போன். நோட்டுல இன்னிக்கு ஒரு பக்கம் முழுசா எழுதினாளாம். வட்டம் எத்தனைன்னு நான் கேக்கல. ஒரு பாட்டி 'காலு கடுக்குது'ன்னுச்சாம், அதுக்கு என்ன போடறதுன்னு கேட்டா. இப்போதைக்கு 'டல் ஏக்'னு சொல்லியிருக்கேன். நாள் பூரா சேத்துல குனிஞ்சு நட்டுட்டு வந்து படுத்தா வருமே ஒரு கடுப்பு, அதுக்கு இது பத்தல. சரியான சொல் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவகிட்ட சொல்லிடறேன்.