காற்று தணிந்தால் இலங்கை பேசும்!

ராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்கே நீளும் சாலை, இருபுறமும் கடல் சூழ, தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் முடிகிறது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கரை கண்ணுக்குத் தெரியாது. ஆனால், காதுக்கு எட்டும். கார் ரேடியோவைத் திருப்பினால் சிங்களப் பாட்டு கேட்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இலங்கைத் தமிழ். சுற்றுலா வந்தவர்களின் செல்போன்கூடச் சில நேரம் இலங்கை நெட்வொர்க்குக்குத் தாவிவிடும். நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால் ரோமிங் செலவு மிச்சம்.

அரிச்சல்முனைக்கு எட்டுவது தூரம் குறைவு என்பதால். ஆனால், 200, 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எஃப்.எம். நிலையம்கூடச் சில நாள் தெளிவாகக் கேட்கிறதே, எப்படி?

எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. பூமி வளைந்திருப்பதால், ஓரளவு தூரத்துக்குப் பிறகு அது தலைக்கு மேலே போய்விடும். கோடையில் காற்று தணிந்த இரவுகளில் கதை மாறுகிறது. கடலை ஒட்டி ஈரக்காற்று படிந்திருக்க, நிலத்திலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று அதன்மேல் மூடிபோலப் பரவுகிறது. மேலே போகும் அலையை இந்த அடுக்கு கீழே வளைத்துவிடும். குழாய்க்குள் தண்ணீர் போல அலை கடல்மேல் வெகுதூரம் ஓடும்.

அப்போது உள்ளூர் நிலையமும் தூரத்து நிலையமும் ஒரே அலைவரிசையில் வந்தால் போட்டிதான். எஃப்.எம். ரேடியோ, வலுவான அலையை எடுத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலம் என்றால் பாதிப் பாட்டு இங்கே, பாதிப் பாட்டு அங்கே!

வெயில் ஏறினாலோ, பலத்த காற்று வீசினாலோ அடுக்கு கலைந்துவிடும். தூரத்துக் குரலும் மறையும். அதாவது, இந்த விருந்தாளி நல்ல நாளில் மட்டுமே வருவார். 1964 டிசம்பர் 22 இரவு, பயணிகளோடு வந்த ரயிலையே கடல் வாரிக்கொண்டுபோன ஊர் தனுஷ்கோடி. எச்சரிக்கை மிக அவசியமான புயல் நேரத்தில் இந்தத் தூரத்து அலையை நம்பிக் கடலில் இருக்க முடியாது.

அதே சமயம், பழைய மீடியம் வேவ் ரேடியோவின் ‘கரகர’ சத்தத்தை வெறும் தொல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். மின்னல் வெட்டும் ஒவ்வொரு முறையும் அதில் ‘படபட’வென்று கேட்கும். அது அடிக்கடி கேட்டு, வலுத்துக்கொண்டே போனால், இடிமேகம் நெருங்குகிறது என்று கொள்ளலாம். படகைக் கரைக்குத் திருப்ப, பாட்டைவிட அந்த இரைச்சலே உதவும்.