வெள்ளைக் குட்டியின் காது

வெள்ளை என்றால் நமக்கு ஒரு மயக்கம். சலவை வேட்டியிலிருந்து மல்லிகைப் பூ வரை அந்த மயக்கம் பரவியிருக்கிறது. நல்ல மனசுக்குக்கூட வெள்ளை மனசு என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். நாய்க்குட்டி வாங்கப் போனாலும் கண் முதலில் வெள்ளைக் குட்டியின் மேல்தான் விழுகிறது. அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பாலில் முக்கி எடுத்தாற்போன்ற ஒரு குட்டியைக் கண்டு மனம் இளகாதவர் யார்? ஆனால், அந்த வெண்மை எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்த பிறகு பணப்பையைத் திறப்பது நல்லது.

ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பன்றி வேட்டைக்குப் பேர்போன ஜாதி. வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, நீண்ட கால்கள். 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால்துறை அதற்கு ஒரு தபால்தலையே வெளியிட்டுக் கௌரவித்தது.

என் நண்பர் ஒருவர் ஊருக்கு வெளியே புதிதாக வீடு கட்டிக் குடிபோனார். அவர் வெளியூர் போகும் நாட்களில் மனைவியும் மகளும் தனியாக இருக்க வேண்டும். காவலுக்கு ஒரு ராஜபாளையம் வேண்டும் என்று புறப்பட்டவருக்குத் துணையாக நானும் போனேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தென்னந்தோப்புக்காரப் பெரியவர் வீட்டில் ஆறு குட்டிகள் இருந்தன. ஐந்து குட்டிகள் எங்கள் செருப்புகளைக் கவ்விக்கொண்டு அமர்க்களம் செய்தன. ஆறாவது, திண்ணை மூலையில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது.

பெரியவர் கஞ்சித் தட்டை 'டங்'கென்று தரையில் வைத்தார். ஐந்தும் பறந்தோடின. ஆறாவது காதைக்கூட அசைக்கவில்லை.

"எவ்வளவு சாது, பாருங்கள்! இதையே கொடுத்துவிடுங்கள், பெரியவரே" என்றார் நண்பர்.

"அது சாது இல்லீங்க சார், செவிடு. அதை விக்கிறதுக்கு இல்லை. தோப்புல என் கண் முன்னால கெடக்கட்டும்" என்றார் பெரியவர்.

அவர் வாய் திறக்காமல் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கலாம். இரவில் சுவர் ஏறிக் குதிப்பவனின் காலடிச் சத்தம் கேட்காத ஒரு காவல்காரனை நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். லாரியின் ஹாரன் கேட்காத அந்தக் குட்டிக்கும் சாலையில் என்ன கதி ஆகியிருக்குமோ!

ரோமத்தின் நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்கலாம். இந்த முடிச்சு இயற்கை போட்டது. நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை டார்வின் 1859-இலேயே எழுதி வைத்தார். நிறம் தரும் அணுக்கள், கருவில் முதுகோரத்தில் தோன்றி உடம்பெங்கும் பரவிக் குடியேறுகின்றன. தோலை அடைந்தவை நிறம் கொடுக்கின்றன. உட்காதை அடைந்தவைக்கு வேறு உத்தியோகம். அங்குள்ள திரவத்தின் உப்புச் சத்தைச் சரியான அளவில் வைத்திருக்க அவை வேண்டும். சில வெள்ளை நாய்களில் அவை காது வரை போய்ச் சேருவதே இல்லை. அப்போது, பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் ஒலியை வாங்கும் நுண்ணிய அணுக்கள் மடிந்துவிடுகின்றன. அதன் பிறகு மருந்து கிடையாது.

எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை அல்ல. சைபீரியாவின் சமாயிட் நாயும் வெள்ளைதான். ஆனால் அதன் மூக்கும் கண்ணிமை ஓரமும் கறுப்பு. நிறம் தரும் அணுக்கள் அதனிடம் குறைவில்லாமல் இருக்கின்றன. ரோமத்தில் மட்டுமே சாயம் வெளிறிப்போயிருக்கிறது. ஆகையால் அதன் காதுக்கு இந்த ஆபத்து இல்லை.

குட்டி வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக விடுங்கள். கூட்டத்தில் இருந்தால் செவிட்டுக் குட்டியும் மற்றவை ஓடுவதைப் பார்த்து ஓடிவிடும். அது பார்க்காத பக்கத்தில், காற்றும் தரை அதிர்வும் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். ஆனால் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும். அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலி செலுத்தி மூளையின் பதிலைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். ஐந்தாறு வாரக் குட்டிக்கே அதைச் செய்யலாம். ஒற்றைக் காதுக் குட்டி வளர்ப்பதற்கு நல்லதுதான், இனப்பெருக்கத்துக்கு ஆகாது. தோலையும் மறக்க வேண்டாம். ரோஜா மூக்கும், ரோமம் அடர்த்தியில்லாத காதும் வயிறும் உச்சி வெயிலில் புண்ணாகும். வெகுகாலம் வெயில் பட்டால் புற்றும் வரலாம். கட்டிப்போடுகிற இடத்தில் நிழல் இருக்கட்டும்.

இவ்வளவு சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன் நாய்களைச் சோதித்தார்கள். 100-க்கு 8 நாய்களுக்கு இரண்டு காதும், 22-க்கு ஒரு காதும் கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறந்த குட்டிகளிடம் இந்தக் குறை குறைவு. ஆனால் நாய்க் கண்காட்சியில் தள்ளுபடி ஆவது எது தெரியுமா? அந்தத் திட்டுள்ள குட்டிதான்!

நாமும் காதோரம் ஒரு பழுப்புத் திட்டைக் கண்டால் முகத்தைச் சுளித்து, "கறை விழுந்த குட்டி" என்று விலையைக் குறைத்துக் கேட்கிறோம். வாங்குகிறவர் கேட்பதைத்தானே வளர்க்கிறவர் வளர்ப்பார்? அடுத்த முறை அப்படி ஒரு குட்டி உங்கள் காலடியில் வந்து நின்றால், திட்டைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்க்கிறதா என்பதுதான் முக்கியம்.