தூண் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம்!

சிதம்பரத்துல படிக்கிற மக்களே... உங்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ல ஆரம்பிச்ச ராஜா சர் அண்ணாமலை செட்டியாரோட ஊர்ப்பக்கம் ஒரு தடவையாவது போயிருக்கீங்களா? லீவு கிடைச்சா கூட்டமா காரைக்குடிக்குக் கிளம்புங்க. நேரா முனீஸ்வரன் கோவில் தெரு!

வரிசையா பழம்பொருள் கடைகள். கலர் கலரா எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா, பல்லாங்குழி... பேரம் பேசத் தெரிஞ்சா நீங்கதான் ராஜா. வேடிக்கை பார்க்க பைசா செலவில்லை!

ஆனா, மூலையில சாய்ஞ்சு நிக்குதே தேக்குத் தூண், அதைக் கொஞ்சம் பாருங்க. ஒரு காலத்துல ஒரு வீட்டையே தாங்கின தூண் அது. பர்மாவுல நகரத்தார் நடத்தின வட்டித் தொழில், 1942-ல ஜப்பான் படை நுழைஞ்சதும் படுத்துடுச்சு. அரண்மனை மாதிரி வீடு, ஏகப்பட்ட பங்காளிகள், பராமரிக்கக் காசில்லை. கடைசியில பல வீடுகளைப் பிரிச்சே வித்துட்டாங்க.

அதனால ஒரு டிப்ஸ்: முதல்ல பக்கத்துல இருக்கிற கானாடுகாத்தானுக்குப் போய், இன்னும் முழுசா நிக்குற வீடுகளை ஆசைதீரப் பார்த்துடுங்க. அப்புறம் கடைக்கு வாங்க. கையில எடுக்கிற தூக்குச்சட்டிக்குப் பின்னாடி ஒரு அடுப்படி தெரியும். அது தெரிஞ்சு வாங்கினீங்கன்னா, பத்திரமா வெச்சுப்பீங்க!