பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் வானொலியில் சேர்ந்தே ஒலிக்கும்: "புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." அந்தக் கூண்டை ஒருநாள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன்.

ராஜாஜி சாலையில், துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. 2002இல் வைத்தது. புயலின் கண்ணையே காட்டும் கருவி. ஆனால் ராயபுரம் தாண்டிக் காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவருக்கு அது பொருட்டில்லை. "வாடைக் காத்து திரும்புனா தெரியாதா தம்பி? இருந்தாலும் கூண்டு ஏத்திட்டா போட்டை எறக்க மாட்டோம்" என்றார்.

கூண்டு என்பது கூம்பும் உருளையுமான சட்டங்கள்தான். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை வந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கட்டத் தொடங்கிய துறைமுகத்தையும் 1881 நவம்பர் புயல் உடைத்துப்போட்டது. பிறகு எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் மணலை மறித்ததால் திருவொற்றியூர்க் கரை கரைகிறது. வழிநெடுகக் கொட்டிய கற்கள் அதற்குச் சாட்சி. கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

கூண்டின் எண் ஏறினால் புயலும் அதற்கேற்ப வலுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐந்துக்கும் ஆறுக்கும் வலுவில் வேறுபாடில்லை, பக்கம்தான் வேறு. துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம் இருந்தால் ஐந்து, வலப்புறம் இருந்தால் ஆறு. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் வடக்கு. இங்கே புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால் அங்கே காற்று கடலைக் கரைமேல் தள்ளும். இடப்புறத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். நேராகத் துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடந்தால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து இதே கணக்கில் கடும்புயலுக்கு. கப்பல்காரன் கேட்கும் கேள்வி அளவல்ல, திசை.

எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை கடலில் கலக்கும் இடத்தில் நின்றபோது வானம் வெறித்திருந்தது. அன்று எங்கும் கூண்டு இல்லை. பட்டியலின் கடைசி எண் பதினொன்று. அது எந்தப் புயலின் வலுவையும் சொல்வதில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரியே முடிவுசெய்து ஏற்றுவது.