மழைக்காட்டில் ஓர் இழுவை வீடு

அக்டோபர் மாதம். மாலை ஐந்து மணிக்கே காட்டுக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. மழை பெரிதாகப் பெய்யவில்லை. ஆனால், நிற்கவும் இல்லை. ஹோ மழைக்காட்டின் முகாம் திடலில் ஒரு பிக்கப் வண்டி, தனக்குப் பின்னால் பூட்டியிருந்த சிறிய வெள்ளை வீட்டை ஒடுக்கமான ஓர் இடத்துக்குள் பின்னோக்கிச் செலுத்த முயன்றுகொண்டிருந்தது. நான்காவது முறையும் அந்த வீடு தவறான பக்கமே திரும்பியது. வண்டியை ஓட்டிய அம்மையார் இயந்திரத்தை நிறுத்தினார். ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி சற்று நேரம் அசையாமல் அமர்ந்திருந்தார்.

அவருக்கு வயது 63. இருபத்தாறு ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பேருந்தை நெரிசல் மிகுந்த தெருக்களில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர் என்று உடன் பணியாற்றியவர்கள் அவரைப் பாராட்டுவதுண்டு. ஆனால், நகரப் பேருந்து முன்னோக்கியே செல்லும். பின்னோக்கிச் செலுத்த வேண்டிய தேவை வராதபடிதான் அதன் தடங்கள் அமைக்கப்படுகின்றன. எனவே, இத்தனை ஆண்டு அனுபவமும் இந்த ஒரு வேலைக்குக் கைகொடுக்கவில்லை.

அந்த இழுவை வீட்டை அவரும் அவருடைய அக்காவும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கியிருந்தனர். ஐந்து மீட்டர் நீளம். உள்ளே இரண்டு படுக்கைகள், ஓர் எரிவாயு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மடக்கக்கூடிய மேசை. ஓய்வுக்காலத்தில் இருவரும் சேர்ந்து ஊர் ஊராகச் செல்ல வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. தங்கை வண்டி ஓட்டுவார், இடம் சேர்ந்ததும் அக்கா இறங்கி நின்று, “இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும்!” என்று கைகாட்டுவார். இப்படி இரண்டு பயணங்கள் நடந்தன. அதன்பின் வசந்தகாலத்தில் ஒரு நாள் காலையில் அக்காவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. அவர் மறுவாழ்வு இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. கோடை முழுவதும் அந்த வீடு வாசலில் சும்மா நின்றது.

செப்டம்பரில் அக்காவே பேச்சைத் தொடங்கினார். “குளிர்காலம் வருவதற்குள் ஒரு முடிவு செய். தனியாகச் சமாளிக்க முடியும் என்றால் வைத்துக்கொள். முடியாது என்றால் விற்றுவிடு. எனக்காக மட்டும் வைத்திருக்காதே.”

விற்பனை விளம்பரம் ஒன்றை எழுதிப் படத்துடன் கைப்பேசியில் சேமித்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டார். அக்கா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: காட்டில் பெய்யும் மழையின் ஓசையைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்த இடம், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒலிம்பிக் தீபகற்பம். மேற்கே பசிபிக் பெருங்கடல்; நடுவே 2,432 மீட்டர் உயரமுள்ள ஒலிம்பஸ் மலை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. ஹோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெப்பமண்டல நாடுகளில் வாழ்பவர்களுக்கு இந்த அளவு வியப்பளிக்காமல் போகலாம். ஆனால், அங்கே மழை பெய்யும் விதம் வேறு. இடி மின்னலுடன் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிப்பதில்லை. சல்லடையில் சலித்ததுபோல் மெல்லிய தூறல் நாள்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். குளிரும் சேர்ந்துகொள்ளும்.

தீபகற்பத்தைச் சுற்றிச் செல்லும் 101ஆம் நெடுஞ்சாலையில் அவர் ஒலிம்பியா நகரிலிருந்து புறப்பட்டார். பேருந்து ஓட்டிய காலத்துப் பழக்கம் அவரைவிட்டு நீங்கவில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். இரும்புக் குண்டின் மேல் கொக்கி சரியாக அமர்ந்து பூட்டியிருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா, சக்கரங்களில் காற்று உண்டா என்று பார்ப்பார். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் குறுக்காக மாட்டியிருப்பதை உறுதி செய்வார். கொக்கி கழன்றுவிட்டால், குறுக்காக மாட்டிய சங்கிலிகள் தொட்டில்போல் நின்று வீட்டின் முன்முனையைத் தாங்கிக்கொள்ளும். அது தரையில் இடித்துப் புரளாது.

அன்று பிற்பகல், ஈரமான ஓர் இறக்கத்தில் எதிரே மரக்கட்டைகள் ஏற்றிய பெரிய லாரி ஒன்று விரைந்து கடந்தது. அது கிளப்பிய காற்று பின்னாலிருந்த வீட்டைத் தள்ளியது. வீடு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது; அந்த ஆட்டம் முன்வண்டியையும் பற்றிக்கொண்டது. அச்சத்தில் கால் பிரேக்கை நோக்கித்தான் போகும். ஆனால், அப்படித் திடீரென்று அழுத்தினால் பின்னால் உள்ள வீடு முன்வண்டியைத் தள்ளி மடக்கிவிடக்கூடும். அவர் வேகத்தை மிதிப்பதை மட்டும் மெல்ல விட்டார். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, இழுவை வீட்டின் சக்கரங்களுக்கு மட்டும் உரிய பிரேக் விசையைக் கையால் சிறிது சிறிதாக அழுத்தினார். ஆட்டம் அடங்கியது. அடுத்துக் கிடைத்த ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்திய பிறகுதான் கைகள் நடுங்குவதை அவர் கவனித்தார்.

குயினால்ட் ஏரிக்கரையில் ஓர் இரவு. கலலாக் கடற்கரையில் ஓர் இரவு. கலலாக்கில் அவர் நெடுநேரம் கடலைப் பார்த்து நின்றார். ஆறுகள் அடித்து வந்த முழு மரங்கள் கரையோரம் மலைபோல் குவிந்து கிடந்தன. அவற்றின் மேல் ஏறி விளையாட யாருக்கும் ஆசை வரும். ஆனால், அலை உயரும் நேரத்தில் டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கட்டைகளைக் கடல் எளிதாகத் தூக்கிப் புரட்டிவிடும் என்று அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அவர் தள்ளியே நின்றார்.

மூன்றாம் நாள் மேல் ஹோ சாலையில் திரும்பினார். நெடுஞ்சாலையிலிருந்து காட்டின் நடுவே ஏறத்தாழ 29 கிலோமீட்டர் செல்லும் சாலை அது. 2024 டிசம்பரில் ஆற்று வெள்ளம் இச்சாலையின் ஒரு பகுதியை அரித்துச் சென்றது. மறு ஆண்டு மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆறு இன்றும் சாலையை ஒட்டியே ஓடுகிறது. சாலை முடியும் இடத்தில்தான் அந்த முகாம் திடல் இருக்கிறது. அங்கு மின் இணைப்பு இல்லை. கைப்பேசித் தொடர்பும் இல்லை. உதவிக்கு அக்காவும் இல்லை.

கண்ணாடியை யாரோ மெல்லத் தட்டினார்கள். மழைச்சட்டை அணிந்த முதியவர் ஒருவர், பக்கத்து இடத்தில் தங்கியிருப்பவர், கையில் விளக்குடன் நின்றார்.

“நான் ஓட்டிக் கொடுக்கட்டுமா?”

“வேண்டாம், ஐயா. நானே செய்ய வேண்டும்.”

அவர் வருத்தப்படவில்லை. “அப்படியானால் ஒன்றுமட்டும் சொல்கிறேன். ஸ்டீயரிங்கை மேலே பிடிக்காதீர்கள், அடியில் பிடியுங்கள். வீட்டின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ, கையை அந்தத் திசையில் நகர்த்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். எத்தனை முறை இறங்கினாலும் யாரும் கணக்கு வைக்கப்போவதில்லை.”

இழுவை வீட்டைப் பின்னோக்கிச் செலுத்துவதில் குழப்பம் எழுவதற்குக் காரணம் உண்டு. முன்வண்டியின் பின்பகுதி இடப்பக்கம் போனால், பூட்டியிருக்கும் வீட்டின் பின்பகுதி வலப்பக்கம் போகும். எல்லாமே தலைகீழ். ஸ்டீயரிங்கின் அடியைப் பிடித்தால் அந்தத் தலைகீழ் நேராகிவிடுகிறது. எவ்வளவு எளிய வழி! ஆனால், யாராவது சொல்லாத வரையில் தோன்றுவதில்லை.

முதியவர் ஒரு மரத்தடியில் ஒதுங்கி, வீடு சேர வேண்டிய மூலையில் விளக்கொளியைக் காட்டியபடி நின்றார். கை காட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை. அம்மையார் வண்டியை முன்னே எடுத்து நேராக்கினார். கையை அடியில் வைத்தார். ஓரடி நகர்த்தினார், இறங்கிப் பார்த்தார், மீண்டும் ஏறினார். ஆறு முறை இறங்கி ஏறியபின் வீடு தன் இடத்தில் போய் நின்றது, சற்றுக் கோணலாகத்தான். அவர் நன்றி சொல்லத் திரும்பியபோது விளக்கொளி அடுத்த முகாமை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

இரவில் மழை வலுத்தது. மரங்களுக்கு அடியில் இருந்ததால் கூரைமேல் இருந்த சூரியத் தகட்டால் பயனில்லை. கணப்பின் காற்றாடி மின்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் கணப்பை அணைத்துவிட்டு, இரண்டு போர்வைகளுக்குள் அவர் சுருண்டுகொண்டார். மூச்சுக்காற்றின் ஈரம் சன்னல்களில் நீராய் வழிந்தது. அக்காவின் நினைவு வந்து, கைப்பேசியை எடுத்து மழையின் ஓசையைப் பதிவு செய்தார். அப்போதுதான் மழையோசைக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. டொக்... டொக்... கூரையில் உள்ள காற்றுத் திறப்பின் ஓரமாக நீர் கசிந்து, அக்காவின் வெற்றுப் படுக்கையின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பாத்திரத்தை எடுத்து அடியில் வைத்தார். “போதும், நாளைக்கே விளம்பரத்தை அனுப்பிவிடலாம்” என்று வாய்விட்டே சொன்னார்.

காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. ‘பாசி மண்டபம்’ என்று பெயர் பெற்ற, 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையில் அவர் நடந்தார். மேப்பிள் மரங்களின் கிளைகளிலிருந்து பாசி, பச்சைத் திரைகளாகத் தொங்கியது. அந்தப் பாசிக்குள் ஓர் அதிசயம் மறைந்திருக்கிறது. நளினி நட்கர்னி என்னும் ஆய்வாளர் மலையேறுவோரின் கயிறுகளைக் கொண்டு இம்மரங்களின் உச்சிக்கு ஏறினார். கிளைகளின்மேல் பாசி மக்கி மண்ணாவதையும், மேப்பிள் மரம் தன் கிளைகளிலிருந்தே வேர்விட்டு அம்மண்ணிலிருந்து உணவு எடுப்பதையும் கண்டு 1981இல் எழுதினார்.

அம்மையாரை நிறுத்தியது, வழியில் விழுந்து கிடந்த ஒரு பெருமரம். அதன் முதுகில் விரல் உயரத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. காட்டுத்தரையில் பாசியும் பெரணியும் அடர்ந்திருப்பதால் விதைகள் வேரூன்ற இடம் கிடைப்பது அரிது. விழுந்த மரம் அவற்றைத் தாங்கி, ஈரம் தந்து வளர்க்கிறது. அதனால் அதைச் செவிலி மரம் என்கிறார்கள். பல்லாண்டுகளுக்குப் பிறகு செவிலி மரம் மக்கி மறைந்துவிடும். வளர்ந்த மரங்கள் ஒரே நேர்க்கோட்டில், கால்களைப் போன்ற வேர்களின்மேல் நிற்கும். சற்றுத் தொலைவில் அப்படி எட்டு மரங்கள் நின்றன. அவற்றின் வேர்களுக்கு நடுவே, மறைந்துபோன மரத்தின் வடிவம் வெற்றிடமாக இருந்தது. அவர் அதன் அருகே மழையில் நனைந்தபடி நெடுநேரம் நின்றார்.

திரும்பும் வழியில் ஒரு ரூஸ்வெல்ட் எல்க் மான்கூட்டம் சாலையை மறித்தது. அவை கடந்து செல்லும் வரை, பேருந்து நிறுத்தத்தில் பயணிகள் ஏறக் காத்திருப்பதுபோல், அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூரை அடைந்ததும் கைப்பேசிக்கு உயிர் வந்தது. பதிவை அனுப்பினார். அரை மணி நேரத்தில் அக்கா அழைத்தார். பேச்சு இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

“மழை... நன்றாக இருக்கிறது. ஆனால், அந்த டொக் டொக்... கூரைத் திறப்புதானே?”

“ஆமாம்.”

“போன ஆண்டே சொன்னேன். பசை வாங்கி... தொட்டிக்குக் கீழே, இழுப்பறையில்... வைத்திருக்கிறேன். ஈரத்தில் ஒட்டாது. காய்ந்த இடமாகப் பார்த்துப் போ.”

காய்ந்த இடம் அதே தீபகற்பத்தில்தான் இருந்தது. மலைக்கு இப்பால் கொட்டித் தீர்க்கும் மேகங்கள், அப்பால் வெறுமையாகவே செல்கின்றன. வடகிழக்கில் உள்ள ஸ்குவிம் நகரில் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழைதான். கிரெசென்ட் ஏரியின் வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அவர் அங்குச் சேர்ந்தார். வானம் நீலமாக இருந்தது. முகாம் உரிமையாளரிடம் ஓர் ஏணியை இரவல் வாங்கி, கூரையைத் துடைத்து உலரவிட்டு, திறப்பைச் சுற்றிப் பசையைத் தடவினார். அது நன்றாக இறுக ஒரு நாள் ஆகும் என்று குழாயில் அச்சிட்டிருந்தது. ஓர் இரவுக்கு மட்டும் பணம் கட்டியிருந்தவர், கீழே இறங்கி வந்து இன்னோர் இரவுக்கும் கட்டினார்.

மாலையில் அக்கா மீண்டும் அழைத்தார்.

“ஒட்டியதா?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

“இன்று வண்டியை... எத்தனை முறையில் நிறுத்தினாய்?”

“இரண்டு.”

மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு அக்கா சிரிப்பது கேட்டது.

“பொய் சொல்லாதே.”

“சரி, மூன்று.”