மழை ஞாயிறும் சாரமதியும்

ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர்ல காலையிலேர்ந்து நசநசன்னு மழை. ரெண்டாவது காபி ஆச்சு, குளிக்கிற உத்தேசமே இல்லை :)

எத்தனையாவது தடவையோ, 'சிந்து பைரவி' (1985) போட்டேன். கச்சேரியில சுஹாசினி நாட்டுப்புறப் பாட்டுல ஆரம்பிச்சு, அப்படியே தியாகராஜர் கீர்த்தனைக்குள்ள நுழைவாரே, அந்த இடம்! வழக்கமா காம்போதியில பாடற கீர்த்தனை. இளையராஜா சாரமதிக்கு மாத்திட்டார். சித்ராவுக்கு முதல் தேசிய விருது இதுக்குத்தான்.

திருச்சியில அம்மா இதைப் பாடிக்கிட்டேதான் தோசை வார்ப்பாங்க. அப்பா போனதுக்கப்புறம் பாடறதே இல்லை.

இன்னிக்கு போன் பண்ணி, வேணும்னே தப்பாப் பாடினேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாங்க. "சுருதி விலகுதுடா"ன்னு எடுத்துக் கொடுத்தவங்க, நிறுத்தவே இல்லை. முழுசும் பாடி முடிச்சாங்க.

படம் பாதியிலேயே நிக்குது. நிக்கட்டும்.