ஹார்மோன் திராட்சை கொடுக்கலாமா?

"அண்ணி, விதையில்லாத திராட்சையைப் பொண்ணுக்குக் கொடுக்காதீங்க. ஹார்மோன் மருந்தில் முக்கித்தான் பெரிசாக்குறாங்களாம். சின்ன வயசிலேயே பெரியவளாயிடுவாளாம்!" என்று என் நாத்தனார் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே கவலை. என் சின்னப் பெண்ணுக்கு ஒன்பது வயது. திராட்சை என்றால் உயிரை விடுவாள்.

விவசாயக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் லீவுக்கு வந்தபோது அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"முக்குறது நிஜம்தான், அத்தை" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் விவரம் சொன்னான்.

அந்த மருந்து ஜிப்ரலிக் அமிலமாம். கண்டுபிடித்த கதை நெல் வயலில் ஆரம்பிக்கிறது. ஜப்பானில் சில நாற்றுகள் மட்டும் மளமளவென்று உயர்ந்து, வெளிறி, கடைசியில் சாய்ந்துவிடும். விவசாயிகள் அதற்கு 'அசட்டு நாற்று' என்றே பெயர் வைத்திருந்தார்கள். (ஒல்லியாக உயரும் பையன்களுக்கு நாம் பட்டப்பெயர் வைப்பதில்லையா!) நாற்றைப் பிடித்த பூஞ்சைக்காளான் சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926-ல் குரோசாவா என்ற விஞ்ஞானி காட்டினார். செடிகளே அதைத் துளித்துளியாகச் சுரக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது.

செடியின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சுவர் உண்டு. இந்த ஹார்மோன் அதை இளக்கிவிடும். உள்ளே தண்ணீர் ஏறி செல் நீளும். ஊறிய சப்பாத்தி மாவு இழுத்த இழுப்புக்கு வருகிற மாதிரிதான். கம்பம் பன்னீர் திராட்சையில் விதையே இதைச் சுரந்து பழத்தைப் பருக்க வைக்கும். விதையில்லாத ஜாதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் பிஞ்சுக் கொத்தை ரொம்பவும் நீர்த்த கரைசலில் முக்குகிறார்கள்.

"சரிடா, அது என் பொண்ணு உடம்புக்குள்ளே போனா?"

"செடியோட ஹார்மோன் வேற, நம்ம ஹார்மோன் வேற, அத்தை. பேர்தான் ஒண்ணு. கீரையிலும் இது இயற்கையாவே இருக்கு, நாம சாப்பிடலையா?"

எங்கள் லேடி டாக்டரும் அதையே சொன்னார். "திராட்சையை விடுங்க, எடை ஏறாம பார்த்துக்குங்க. குண்டான பொண்ணுங்கதான் பெரும்பாலும் சீக்கிரம் வயசுக்கு வர்றாங்க. எட்டு வயசுக்கு முன்னாலேயே மார்பு வளர்ச்சி தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

பூச்சிமருந்து தெளிப்பது வேறு விஷயம். பழத்தின் மேலுள்ள வெள்ளைப் படலம் அதன் சொந்த மெழுகுதான். இருந்தாலும் காம்பைக் கிள்ளி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசித்தான் கொடுக்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் ஒவ்வொரு பழத்தையும் நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். முழுப் பழம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். எனக்கு ஹார்மோனைவிட அதுதான் பயம்.